நாலடி இரண்டங்குலம்

லாரல் ஃபோர்க் பள்ளி மைதானத்தில் மூன்று வருடமாக ஒரு அப்பாவும் மகளும் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் பதினைந்தடி இருந்தால் அதிகம். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. அப்பாவின் வேலை அப்படி, மகளின் வேலை அப்படி.

அப்பா பெயர் டென்சில் காடில். வாரநாட்களில் கவுண்டி சாலைத் துறையில் வேலை. ஃபுட்பால் ஆட்டத்தன்று சங்கிலி பிடிக்கிறவர். அந்த ஆட்டத்தில் பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து எதிராளி கைக்குப் போகும். அந்தப் பத்து கஜத்தைக் காட்டத்தான் இரண்டு ஆரஞ்சு நிறக் கோல்களும் நடுவில் ஒரு சங்கிலியும். பின்கோலை எஸ்டில் மல்லின்ஸ் பிடிப்பார், முன்கோலை டென்சில் பிடிப்பார். இருபத்துமூன்று வருடமாக இதே ஏற்பாடுதான். பந்து ஓடும்போது கோல்காரர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. டென்சில் தும்மும்போதுகூடக் கண்ணை மூட மாட்டான் என்று எஸ்டில் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அது பொய். ஆனால் டென்சிலைத் தெரிந்தவர்கள் நம்பக்கூடிய பொய்.

மகள் பெயர் ரேலின். பதினேழு வயது. ஆட்டத்தின்போது கூட்டத்தை உற்சாகப்படுத்திக் கத்துகிற சியர் குழுவில் அடியில் நின்று தாங்குகிறவள். மேலே ஏறுகிறவள் அவளுடைய சிநேகிதி ஜோசி. ஜோசியின் ஒரு பாதம் ரேலினின் உள்ளங்கையில், இன்னொரு பாதம் எதிரே நிற்கிற பெண்ணின் உள்ளங்கையில், பின்னால் ஒருத்தி கணுக்காலைப் பிடித்திருப்பாள். ஜோசி கையை விரித்துச் சிரித்தால் கூட்டம் கைதட்டும், படம் எடுக்கும். அடியில் நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. அவளும் யாரையும் பார்ப்பதில்லை. மேலே இருக்கிறவள் தரைக்கு வந்து சேரும்வரை அவள் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

மலையை வெட்டிச் சமன்படுத்திய மைதானம் அது. அந்தப் பக்கம் நேராக ஓடைக்கு இறங்கிவிடும். அதனால் இருக்கைகள், சங்கிலிக்காரர்கள், சியர் பெண்கள் எல்லோரும் இந்தப் பக்கமேதான். பெண்கள் நிலக்கரிச் சாம்பல் கொட்டிய பழைய ஓட்டப்பாதையில் கூட்டத்தைப் பார்த்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால், கோட்டோரமாக, மைதானத்தைப் பார்த்து டென்சில் நிற்பார். மகளின் குரல் அவர் பிடரியில் வந்து மோதும். கொஞ்சம் கரகரத்த குரல், மற்றவர்கள் முடித்த பிறகும் அரை நொடி நிற்கும். அவர் மகளுடைய ஆட்டத்தைப் பற்றி அறிந்தது அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் டென்சிலின் பிக்கப் வண்டியில் வீட்டுக்குப் போவார்கள். பன்னிரண்டு மைல். ரேலினின் அம்மா ட்வைலாவுக்கு வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்தில் வேலை, அதனால் வீட்டில் அடுப்பு எரியாது. வழியில் ஐஸ்கிரீம் கடையில் நிறுத்தி காரமான கறிக் கலவை வைத்த சில்லி பன் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொள்வார்கள். அதைத் தின்றபடி டென்சில் அன்றைய ஆட்டத்தை முதலிலிருந்து சொல்வார். பாவம், பெண் அங்கேயே நின்றும் ஒரு பந்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று அவருக்கு இரக்கம். எவன் எங்கே வழுக்கினான், எந்த நடுவருக்குக் கண் அவிந்துபோயிற்று, கடைசியில் எத்தனை அங்குலத்தில் தப்பித்தோம் என்று ஒன்று விடாமல் சொல்வார். அவள் வாயில் பன்னை வைத்துக்கொண்டே, "அப்புறம்?" என்பாள். அவர் தொடர்வார். வாரத்தில் அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ட்வைலாவுக்கு மட்டும் சொல்லாமலே தெரியும்.

அந்த நேரத்தைத்தான் அவர் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் மாதம் பள்ளியின் விளையாட்டுக் குழு கூடியது. ஐந்து பேர், அதில் டென்சிலும் ஒருவர். சியர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிற டோன்யா ஐசன் ஒரு மனு கொண்டுவந்திருந்தாள். சியரையும் விளையாட்டு என்று பள்ளி எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதாததால் பெண்களுக்கு உள்விளையாட்டு அரங்கம் கிடைப்பதில்லை, சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு ஓட்டுத்தரையில் பயிற்சி எடுக்கிறார்கள். கூரை தாழ்வு. ஜோசியின் தலை இடித்து அட்டைக் கூரையில் இரண்டு இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. அடிபட்டால் பார்க்கிற மருத்துவ உதவியாளரும் விளையாட்டுப் பிள்ளைகளுக்குத்தான், இவர்களுக்குக் கிடையாது. இதையெல்லாம் டோன்யா நிதானமாகச் சொன்னாள்.

டென்சில் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அளவுக்காரர். சோளரொட்டியைக்கூட அடிக்கோல் வைத்துத்தான் வெட்டுவாரோ என்று மாமியார் வீட்டில் கேலி செய்வார்கள். அவருக்கு விளையாட்டு என்றால் ஜெயித்தது யார் என்று சங்கிலி சொல்ல வேண்டும். மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பிடித்தது, எனக்குப் பிடிக்கவில்லை என்று மார்க் போட்டால் அது பாட்டுப் போட்டி. டைவிங்குக்கும் மார்க்தானே போடுகிறார்கள் என்று டோன்யா கேட்டாள். நம்மூரில் நீச்சல் குளமே இல்லையே அம்மா என்றார் டென்சில். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்த தெம்பில் இன்னொன்றும் சொன்னார்.

"குதிச்சா கை தட்டலாம். அளக்க முடியாததுக்கு என்னன்னு பேர் வைக்கிறது?"

இரண்டுக்கு மூன்று என்று மனு தோற்றது. மூன்றாவது கை அவருடையது. அவர் வண்டியைக் கிளப்பி வீடு போய்ச் சேருவதற்குள் அந்த வாக்கியம் முந்திக்கொண்டு போய்விட்டது. ரேலின் காதுக்கும் அது எட்டியிருந்தது. தட்டில் பீன்ஸும் ரொட்டியும் வைத்துக் கொடுத்தாள், குட் நைட் சொன்னாள். ஆகஸ்டில் முதல் ஆட்டம் முடிந்ததும், ஜோசியின் அம்மா வண்டியில் வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது திருப்பிப் பேசியிருக்கலாம். மரியாதையாகச் சொன்னாள்.

அதன் பிறகு டென்சில் தனியாகத்தான் வீடு போனார். ஐஸ்கிரீம் கடையில் நிறுத்துவதை விட்டுவிட்டார். இரண்டாவது வாரம் மட்டும் பழக்கதோஷத்தில் நிறுத்தி நாலு பன் வாங்கிவிட்டு, இரண்டை அடுத்த வீட்டு நாய்க்குப் போட்டார். மகள் முகம் கொடுத்துப் பேசாமல் இல்லை. காலையில் காபி கலந்து கொடுப்பாள், பள்ளியில் நடந்ததைச் சொல்வாள். வெள்ளிக்கிழமை அந்தப் பன்னிரண்டு மைல் மட்டும் இல்லாமல் போயிற்று. அதை எப்படித் திரும்பக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் டோன்யா மறுபடி மனு போட்டாள். கூட்டம் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளி, அந்த வருடத்துக்கு உள்ளூரில் கடைசி ஆட்டம். வாசலிலேயே டோன்யா டென்சிலைப் பிடித்து, ஒரே ஒரு தடவை சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து பயிற்சியைப் பாருங்கள், பார்த்துவிட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கை தூக்குங்கள் என்றாள். பார்க்கலாம் என்றார் டென்சில். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் மனம் சங்கிலியில் இல்லை. சங்கிலி வைத்ததும் அதில் ஒரு கிளிப்பை மாட்டி, எந்தக் கோட்டுக்கு நேராக இருக்கிறது என்று அடையாளம் வைக்க வேண்டும். அப்போதுதான் கோல் கீழே விழுந்தாலும் அதே இடத்தில் மறுபடி நிறுத்த முடியும். இருபத்துமூன்று வருடத்தில் அவர் மறக்காத கிளிப்பை, அன்று மூன்றாம் பகுதியில் மறந்தார்.

நம் பையன்களுக்கு அது நாலாவது வாய்ப்பு. இரண்டு கஜம் பாக்கி. நம் அணி இடைவேளை கேட்டிருந்தது. அந்த இடைவேளையில் ஜோசியை மேலே ஏற்றினார்கள். ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்பது வழக்கம். ஆனால் எதிராளி தயாராவதற்குள் முந்திவிட வேண்டும் என்று நம் பையன்கள் அவசரமாகப் பந்தை எடுத்துவிட்டார்கள். பந்தோடு ஓடியவன் நல்ல தாட்டியான பையன். பத்து கஜத்தை எட்டிவிட வேண்டும் என்று ஓடுகிறவன் எதைக் குறிவைப்பான்? முன்கோலைத்தான். டென்சிலை நோக்கி நேராக வந்தான். பின்னாலேயே இரண்டு பேர் துரத்திக்கொண்டு வந்தார்கள்.

இப்படி நூறு தடவை வந்திருக்கிறார்கள். கோலை அப்படியே கீழே விட்டுவிட்டு, கண்ணைப் பந்திலேயே வைத்துக்கொண்டு, பின்பக்கமாக நகர வேண்டும். டென்சில் கோலை விட்டார். பிறகுதான் அந்த இடத்துக்கு நேர் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது உறைத்தது. பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவர் மகளை அந்த நிலையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. முட்டி லேசாக மடங்கி, குதிகால் சாம்பலில் பதிந்து, இரண்டு கையும் தலைக்கு மேல் போயிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கூட்டம் எழுந்து நின்று அலறுகிறது. குழுவில் மற்ற எல்லாப் பெண்களும் தலையைத் திருப்பிவிட்டார்கள். ரேலின் திருப்பவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் வருவது வண்டியா மாடா என்றுகூடத் தெரியாமல், ஜோசியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டென்சில் ஓடி எட்டுவதற்குள் அந்தப் பையன் அவரை உரசிக்கொண்டு போய், எதிரே நின்ற பெண்ணின் மேல் மோதினான். அந்தப் பக்கத்துக் கைகள் இரண்டும் போயின. ஜோசி பக்கவாட்டில் சாய்ந்தாள். ரேலின் கையை விடவில்லை, பின்வாங்கவும் இல்லை. ஜோசி சாய்கிற பக்கமாகவே காலை வைத்து, அவளுக்கு அடியில் தன்னைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜோசியின் எடை முழுவதையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தாள். ஜோசியின் முழங்கை அவள் வாயில் பட்டது.

டென்சில் பக்கத்தில் மண்டியிட்டபோது மேலுதடு கிழிந்து, தாடையெல்லாம் ரத்தமாக இருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. ஜோசியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தரையில பட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லடி. எங்கயும் படல" என்றாள் ஜோசி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத்தான் ரேலின் கண்ணை மூடித் திறந்தாள்.

மருத்துவ உதவியாளர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். டென்சில் நகர்ந்து இடம் விட்டார். ஆனால் வந்தவர் அவர்களைத் தாண்டிப் போய், அந்தத் தாட்டியான பையனின் முழங்கையைப் பார்த்தார். பையன் எழுந்து நின்று தோழர்களோடு சிரித்துக்கொண்டிருந்தான். முழங்கையில் தோல் உரசியிருந்தது. அதற்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவருக்குக் கொடுத்த காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களைத்தான் முதலில் பார்ப்பார். அந்தக் காகிதத்தில் ரேலின் பெயர் இல்லாமல் போனதற்கு மூன்று கைகள் காரணம், அதில் ஒன்று இங்கே சாம்பலில் ஊன்றியிருந்தது. டோன்யா பாப்கார்ன் கடை வாளியிலிருந்து ஐஸை அள்ளித் துணியில் கட்டி எடுத்துவந்தாள்.

டென்சில் மகளின் தலையைத் தூக்கப் போனார். அவள் அவர் கையை மெல்ல விலக்கினாள்.

"நீ போய்க் கோல எடுப்பா. எல்லாரும் உனக்காகத்தான் நிக்கிறாங்க."

உண்மைதான். மைதானமே அவருக்காகக் காத்திருந்தது. பையன் விழுந்த இடத்தில் பந்தை வைத்துவிட்டார்கள். பத்து கஜம் வந்ததா இல்லையா என்று அளக்க வேண்டும். ஆனால் முன்கோல் கீழே கிடந்தது, பையனுக்கு வழிவிட்டு ஓடிய எஸ்டிலின் பின்கோலும் கீழே கிடந்தது, சங்கிலியில் கிளிப் இல்லை. தலைமை நடுவர் டென்சிலைப் பல வருடமாக அறிந்தவர். அவர் குரலைத் தாழ்த்தி, கோல் எங்கே இருந்தது, நீ காட்டுகிற இடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரு சாண் இந்தப் பக்கம் காட்டினால் போதும், பந்து நம் கையில் இருக்கும். இருக்கைகளில் இருந்த ஊர் முழுக்க அவர் விரலைப் பார்த்தது.

"தெரியல. நான் என் பொண்ணப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் டென்சில்.

நடுவர் தன் கண் அளவில் ஓர் இடத்தை முடிவு செய்தார். ஒரு சாண் குறைந்தது. பந்து எதிராளிக்குப் போயிற்று. டென்சில் கோலை எடுத்தார். பந்து கைமாறினால் கோல் எதிர்ப்பக்கம் போக வேண்டும். அவர் பாட்டுக்கு வழக்கமான பக்கம், நம் அணி முன்னேறினால் போகிற பக்கமாக, ஏழெட்டு அடி எடுத்து வைத்துவிட்டார். எஸ்டில் தலையில் கையை வைத்துக்கொண்டார். அதே நேரம் பின்னால் சியர் பெண்கள் ஒரே குரலாகக் கத்தினார்கள்: "நம்ம பந்து, இன்னும் பத்து." எதிராளி பந்தை எடுத்துக்கொண்டிருக்கிறான், இவர்கள் நம்ம பந்து என்கிறார்கள். மனம் நொந்து உட்கார்ந்திருந்த கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. அந்தக் கத்தலில் கரகரத்த குரலும் இருந்தது, உதட்டில் துணியை வைத்துக்கொண்டு கத்துகிற மாதிரி. டென்சிலுக்கு அந்தக் குரல் கேட்டது மட்டும் போதுமாக இருந்தது. ஆட்டத்தில் மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

முடிந்ததும் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டாமல் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள், அது இன்னும் மோசம். கூட்டம் கலைந்து, வண்டிகள் மலைப்பாதையில் வரிசையாக இறங்கின. டென்சில் வண்டிக்குப் போய் இருக்கைக்கு அடியிலிருந்து அளக்கிற எஃகு டேப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். விளக்குகள் இன்னும் அணையவில்லை. ஓட்டப்பாதையில் குனிந்து தேடினார். சாம்பலில் தடம் நன்றாகப் பதியும். பலர் மிதித்திருந்தாலும், இரண்டு குதிகால் மட்டும் ஆழமாக, இன்னொரு உயிரின் பாரத்தோடு அழுந்திய இடம் தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்து தள்ளி, முதுகு பட்டுச் சாம்பல் சிதறிய இடமும் தெரிந்தது.

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த எஸ்டில் பக்கத்தில் வந்து நின்றார். என்ன தொலைத்தாய் என்று கேட்கப் போனவர், தடத்தைப் பார்த்தார், டென்சிலைப் பார்த்தார், மண்டியிட்டு டேப்பின் மறுமுனையைக் குதிகால் தடத்தில் வைத்துப் பிடித்தார். டென்சில் இழுத்தார். நாலடி இரண்டங்குலம். ஒரு தடவை அளந்தது போதாமல் இன்னொரு தடவை அளந்தார். அதே நாலடி இரண்டங்குலம்தான்.

"எவ்வளவு நேரத்துலடா?" என்றார் எஸ்டில்.

"நான் திரும்பிப் பாத்து வாயத் தொறக்கிறதுக்குள்ள."

எஸ்டில் மெல்ல விசிலடித்தார். தூக்கியிருந்த கையையும் விடவில்லையே என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார்கள், நடுவர்கள் பந்தைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பதுபோல.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜோசியின் அம்மா வண்டியை உறுமவிட்டபடி காத்திருந்தாள். ரேலின் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றாள். அவள் எவ்வளவு நேரமாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. உள்ளே குனிந்து ஏதோ சொன்னாள். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்து, பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து, தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். டென்சில் டேப்பைச் சுருட்டக்கூட மறந்து, அதை இழுத்துக்கொண்டே வண்டிக்கு வந்தார்.

ஒரு மைல் தாண்டியதும் டென்சில், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார். வேண்டாம், டோன்யா பார்த்துவிட்டாள், தையல் போடுகிற அளவுக்கு இல்லை, அம்மா வந்து மறுபடி பார்க்கட்டும் என்றாள். பழக்கத்தில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் பகுதியில் என்னாச்சுன்னா என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார்.

"நாலடி ரெண்டங்குலம்" என்றார்.

"என்னது?"

"நீ நின்ன எடத்துலேருந்து விழுந்த எடம். டேப் வச்சு அளந்தேன். எஸ்டில் அந்தப் பக்கம் புடிச்சான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு வலித்ததால் ஐஸ் துணியை அழுத்திக்கொண்டாள். "எதுக்குப்பா அளந்த?"

"எனக்கு வேற என்ன தெரியும், கண்ணு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே பேசினாள். "திங்கக்கெழம, எனக்கு வாய் கிழிஞ்சுதுன்னு கை தூக்காத. பாவம் பாத்துக் குடுத்தா எங்களுக்கு வேணாம்."

"பாவம் பாக்கல. அந்த நாலடிய நான் ஓடித் தாண்டறதுக்குள்ள நீ தாங்கிட்ட. எங்க பசங்கள்ல எவனும் அதப் பண்ணிருக்க மாட்டான். பண்ணிருந்தா நான் இந்நேரம் ஊரெல்லாம் சொல்லிட்டிருப்பேன்."

திங்கட்கிழமை அவர் கை தூக்கினாரா என்று கேட்பீர்கள். தூக்கினார். எப்படி அளப்பாய் என்று ஒருவர் ஏப்ரல் மாத வாக்கியத்தை எடுத்து அவர் மேலேயே வீசினார். டென்சில் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, எண்ணைப் படித்துவிட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை மூன்றுக்கு இரண்டு என்று மனு ஜெயித்தது. வாரம் இரண்டு மாலை அரங்கம் கிடைத்தது. மருத்துவ உதவியாளரின் காகிதத்தில் பதினாலு பெயர் கூடியது. அந்தக் கதைக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நடக்க வேண்டியது நடந்தது, அவ்வளவுதான். நான் சொல்ல வேண்டியது அந்த வெள்ளிக்கிழமை வண்டிக்குள் நடந்த மிச்சத்தைத்தான்.

ஐஸ்கிரீம் கடையில் நிறுத்தினார்கள். அவர் நாலு பன் வாங்கினார். காரம் அவள் உதட்டில் எரிந்தது. ஒன்றைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வாயின் ஓரமாகத் தள்ளிக்கொண்டு தின்றாள். அப்போது அவருக்கு ஞாபகம் வந்து, பந்து போன பிறகு நம்ம பந்து என்று கத்தினீர்களே, டோன்யா தப்பாகச் சொல்லிவிட்டாளா என்று கேட்டார்.

"டோன்யா எங்க சொல்றாங்க? அவங்களும் எங்களத்தான பாத்துக்கிட்டிருப்பாங்க. எங்களத் தப்பாக் கத்த வச்சதே நீதான்."

"நானா?"

"உன் முதுகப் பாத்துத்தான்ப்பா மூணு வருஷமாக் கத்தறோம்." அவள் பன்னைக் கீழே வைத்தாள். "நாங்க பந்தப் பாக்க முடியாதுல்ல. ஜோசி எறங்கினதும் நான் ஒரே ஒரு தடவ திரும்பிப் பாப்பேன். உன் தோள் எறங்கியிருந்தா ஏதோ கெட்டுப்போச்சு. கோலத் தூக்கிட்டு வேகமா நடந்தா நம்ம பந்து. நீ ஒத்தக் காலு மேல பாரம் போட்டு நின்னா இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. நான் என்ன கத்தணும்னு சொல்வேன், எல்லாரும் கத்துவாங்க. இதுவரைக்கும் ரெண்டே தடவதான் தப்பாயிருக்கு. நீ பித்தப்பை ஆபரேஷனுக்குப் போன வாரம் வேற ஆள் நின்னாரு, அப்ப ஒண்ணு. இன்னைக்கு ஒண்ணு."

மூன்று வருடமாக, தான் யாரைப் பார்க்கவில்லையோ அவள் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது உள்ளே இறங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது இறங்கிய பிறகு இன்னொன்று தோன்றியது.

"அப்ப ஆட்டத்துல என்ன நடந்துச்சுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா? நான் சொல்றதுக்கு முன்னாடியே?"

"முக்காவாசி தெரியும்."

"பின்ன எதுக்கு அப்புறம் அப்புறம்னு கேட்ட?"

"நீ சொல்றதக் கேக்கத்தான்" என்றாள் ரேலின். "நீதான் என்கிட்ட ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்ல."

அவள் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதனால்தான் வண்டியைக் கிளப்பியவருக்குக் கண் கலங்கிப் பாதை தெரியவில்லை. கடை வாசலிலேயே வண்டியை மறுபடி அணைத்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல, பன்னில் காரக் கலவையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு" என்றார். "அவன் மோதறதுக்கு முன்னாடியிலேர்ந்து சொல்லு. நான் பாதிதான் பாத்தேன்."

ரேலின் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இருக்கையில் கால்களை மடக்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். ஜோசியின் வலது பாதம் எப்போதுமே கொஞ்சம் வெளிப்பக்கம் வழுக்கும், அன்றும் வழுக்கியது, அதைக் கட்டை விரலால் நிறுத்திக்கொண்டிருந்தபோதுதான் கூட்டத்தின் சத்தம் மாறியது என்று ஆரம்பித்தாள். சத்தம் மாறினால் திரும்பத் தோன்றும், திரும்பினால் கை ஒரு அங்குலம் இறங்கும், மேலே அந்த ஒரு அங்குலம் ஒரு அடியாகிவிடும் என்றாள். அதனால் ஜோசியின் முகத்தையே பார்த்தாளாம். ஜோசியின் கண் எந்தப் பக்கம் பயப்படுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் காலை வைத்தாளாம்.

டென்சில் பன்னைக் கடிக்கவும் இல்லை, வண்டியைக் கிளப்பவும் இல்லை.

"அப்புறம்?" என்றார்.